பெருமூச்சுக் குகையில் எழுபத்திரண்டு நிமிடம்

அஜினின் உடலை மலையோடை கொண்டுவந்து கரையில் சேர்த்த மறுநாள் காலை, அவனுடைய அப்பா தோபியாஸ் ஆம்புலன்ஸின் பின்கதவருகே நின்று மகளைக் கூப்பிட்டார்.

“ஏறு மக்களே. நம்ம ஊரு நாரோல் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும்.”

பெனிட்டா ஏறவில்லை. உள்ளே வெள்ளைத் துணி சுற்றிப் படுத்திருந்த அண்ணனை ஒரு முறை பார்த்தாள். பிறகு முத்தலை மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

“குணா அண்ணன் இன்னும் உள்ளதான் இருக்காரு அப்பா. ரெண்டு பேரா போனாங்க, ஒருத்தன்தான் வந்திருக்கான். நாளைக்கு அடக்கத்துக்கு முன்ன நான் வந்திருவேன்.”

“அவரும் போயிருப்பாரு மக்களே...”

“தெரியல்லியே அப்பா. தெரியாம எப்படிப் போக?”

தோபியாஸ் படகு எஞ்சின் மெக்கானிக். அதிகம் பேசத் தெரியாதவர். மகளின் தலையில் கைவைத்தார். பிறகு தானே கதவைச் சாத்திக்கொண்டு மகனருகே உட்கார்ந்துவிட்டார். வண்டி தூசி கிளப்பிக்கொண்டு போனது.

அஜின் குகைகளைப் படமெடுப்பவன். அவன் நண்பர் குணசீலன் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவர். மலையடிவாரத்துக் கூவனூர்க் கோயிலின் ஐம்பொன் சிலைகளை, படையெடுப்புக்குப் பயந்து முன்னோர்கள் எங்கோ ஒளித்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைத் தேடித்தான் இருவரும் ஞாயிற்றுக்கிழமை பெருமூச்சுக் குகைக்குள் போனார்கள். அந்தக் குகை அவ்வப்போது பெரிதாக மூச்சு விடும். மூச்சு விட்ட கையோடு வாய் வழியாக வெள்ளத்தைக் கக்கும். அதனால் அந்தப் பெயர். ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே போவதில்லை.

சனிக்கிழமை அஜின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கைக்குப் போன் செய்திருந்தான். அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் பெனிட்டாவுக்கு நினைவிருந்தது.

“உள்ள கெணறு மாதிரி ஒரு எடம். மூணு ஊத்து. ஒண்ணு ஆறு நிமிசத்துக்கு ஒருக்க பீச்சும், ஒண்ணு எட்டு, ஒண்ணு ஒம்பது. மூணும் சேந்து அடிச்சாத்தான் ஆபத்து. ஆனா அது ஏழு மணி நேரத்துக்கு ஒருக்கதான் பிள்ளே. கணக்குப் போட்டாச்சு. நீ பயப்படாத.”

அவள் பயப்படவில்லை. அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

---

குகை வாயில் தீயணைப்பு நிலைய அலுவலர் தாமோதரன் நின்றிருந்தார். நரைத்த மீசை, ஈரம் காயாத சீருடை. முந்தின நாளே அவருடைய ஆட்கள் உள்ளே நுழையப் பார்த்து, வெள்ளம் அடித்து, ஒருவருக்குக் கை முறிந்து, எல்லோரும் உடனே மலையிறங்கிவிட்டு, இப்போதுதான் திரும்பி வந்திருந்தார்கள். பெரிய பம்பு வெளியூரிலிருந்து வர வேண்டும், நாளைதான் வரும்.

“நாளைக்குன்னா ரொம்ப லேட்டு சார்” என்றான் சடையன். மலைத்தேன் எடுப்பவன், கயிற்றில் தொங்குவது அவனுக்கு நடப்பது மாதிரி. மேற்கே திரண்டிருந்த கருப்பைக் கையால் காட்டினான். “மத்தியானத்துக்குள்ள மழை வந்துடும். மலை மேல மழை பேஞ்சா இந்தக் குகை மூணு நாளைக்கு வாயை மூடாது.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் குகைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று விசையோடு வந்தது. ஹூ... என்று நீண்ட ஒலி. அதன் பின்னால் வெள்ளம்! வாய் கொள்ளாமல் நுரைத்து வந்து ஓடையில் விழுந்தது. பத்து நிமிடத்தில் அடங்கிப்போனது.

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். “தண்ணி வந்தப்ப மணி ஒன்பது.”

பெனிட்டா அண்ணன் சொன்னதைச் சொன்னாள். “அப்படின்னா நாலு மணி வரைக்கும் இது திரும்ப வராது சார். போகலாம்.”

“சிஸ்டர், நீங்க இங்கயே இருங்க. நாங்க போறோம்.”

“அவரு உயிரோட இருந்தா கட்டுப் போட ஆள் வேணும். நான் எலும்பு வார்டுல நாலு வருசமா நர்ஸா இருக்கேன்.”

தாமோதரன் அவள் முகத்தைப் பார்த்தார். தலைக்கவசம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

தாமோதரன், சடையன், பெனிட்டா மூவரும் நுழைந்தார்கள். குகைவாய்க்குப் பின்னால் ஒரு சுரங்கம். நிமிர முடியாது; தவழ்ந்துதான் போக வேண்டும். பாதி வழியில் முழங்கை போல் வளைந்தது. பாறை வழுக்கியது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் முன்னே போகிறவரின் செருப்பு மட்டும் தெரிந்தது. இந்த வழியாகத்தான் அண்ணன் வந்திருப்பான் என்ற நினைப்பைப் பெனிட்டா பல்லைக் கடித்து அடக்கினாள்.

சுரங்கம் முடிந்த இடத்தில் மூவரும் எழுந்து நின்றார்கள். கிணறேதான்! நாலு பக்கமும் செங்குத்தாகப் பாசி படர்ந்த சுவர். இடப்பக்கம் ஒரு துளை, வலப்பக்கம் ஒரு துளை, கூரையில் ஒரு துளை. எதிர்ச்சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு பாறைத்திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு.

“குணா அண்ணே!” பெனிட்டாவின் குரல் கிணறு முழுக்கச் சுழன்றது. “குணா அண்ணே!”

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை, திட்டின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. விரல்கள் அசைந்தன.

“உயிர் இருக்கு சார்!” என்று கத்தினான் சடையன்.

தாமோதரன் கொக்கிக் கயிற்றைச் சுழற்றி எறிந்தார். கொக்கி திட்டில் மாட்டியது. இழுத்ததும் சுண்ணாம்புப் பாறை பொலபொலவென்று உதிர்ந்து கீழே கொட்டியது. இன்னொரு முறையும் அதேதான். சடையன் சுவரில் ஏறப் பார்த்தான். ஆள் உயரம்கூடத் தாண்டாமல் பாசியில் சறுக்கி விழுந்தான். நீளமான மூங்கில் ஏணி சுரங்கத்தின் வளைவில் திரும்பாது.

இதற்கிடையில் பெனிட்டா கையில் கடிகாரத்தோடு ஊற்றுகளைக் கவனித்தாள். இடப்பக்கத் துளை பீச்சியது. கணுக்கால்வரை தண்ணீர் ஏறி வடிந்தது. ஆறு நிமிடம் கழித்து மறுபடி பீச்சியது. வலப்பக்கம் எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. கூரை ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை. அண்ணன் அளந்தது அத்தனையும் சரி. இரண்டு ஊற்று சேர்ந்து வந்தபோது தண்ணீர் இடுப்பைத் தொட்டது; சுரங்கம் பாதி நிறைந்து வடிந்தது. மூன்றும் சேர்ந்து இன்னும் வரவில்லை. நாலு மணிக்குத்தான் வரும் என்று மூவரும் நம்பியிருந்தார்கள்.

அப்போதுதான் மேலேயிருந்து குணசீலனின் குரல் வந்தது. கிழிந்த, காய்ச்சல் குரல்.

“யாரு... யாரு கீழ? போயிடுங்க! வெளிய போயிடுங்க!”

“நான் பெனிட்டா அண்ணே! அஜினோட தங்கச்சி!”

“பெனிட்டாவா? ஐயோ, நிக்காதம்மா! அது வரப்போவுது. ஏழு மணி நேரம் இல்ல, அடிக்கடி வருது! ஒவ்வொரு தடவையும் தண்ணி என் காலைத் தொட்டுட்டுப் போவுது. ஓடுங்க!”

சுரங்கத்தின் பக்கம் காற்று மெல்லத் திரும்பியதைச் சடையன்தான் முதலில் உணர்ந்தான்.

“பாப்பா, ஓடு!”

பெனிட்டா சுரங்கத்துக்குள் பாய்ந்தாள். பின்னால் தாமோதரன். கடைசியில் சடையன். முழங்கால் சிராய்ந்தது தெரியவில்லை. வளைவைத் தாண்டியபோது பின்னாலிருந்து காற்று முதுகைத் தள்ளியது. ஹூ... என்ற ஒலி காதை அடைத்தது. பெனிட்டாவும் தாமோதரனும் வெளிச்சத்தில் விழுந்து புரண்டார்கள். அதே கணம் வெள்ளம் வந்தது. சடையனைத் தூக்கிக் கல்லில் அடித்து ஓடைக்குள் எறிந்தது.

தாமோதரனின் ஆட்கள் அவனை இழுத்துக் கரையில் போட்டார்கள். பெனிட்டா மார்பை அழுத்தினாள். தண்ணீரைக் கக்கினான். இருமினான். கண்ணைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

“ஏழு மணி நேரம்னீங்களே?”

வெள்ளம் வந்தபோது மணி பத்து பன்னிரண்டு.

---

பெனிட்டா ஓடைக்கரை மணலில் மண்டியிட்டாள். விரலால் மூன்று எண்களை எழுதினாள். ஆறு. எட்டு. ஒன்பது.

“சார், ஒன்பது மணிக்கு ஒரு தடவை. இப்ப ஒரு தடவை. நடுவில எழுபத்திரண்டு நிமிசம்.”

“உங்க அண்ணன் ஏழு மணி நேரம்னு எப்படிச் சொன்னார்?”

“பெருக்கியிருக்கான் சார். ஆறெட்டு நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு ஒம்பது நானூத்தி முப்பத்தி ரெண்டு. நானூத்தி முப்பத்தி ரெண்டு நிமிசம்னா ஏழு மணி நேரமும் பன்னெண்டு நிமிசமும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். “ஆனா பெருக்க வேண்டிய அவசியமே இல்ல. பாருங்க. எட்டு, ரெண்டை மூணு தடவை பெருக்கினது. ஒம்பது, மூணை ரெண்டு தடவை பெருக்கினது. ஆறு, ஒரு ரெண்டும் ஒரு மூணும். அந்த ரெண்டு எட்டுக்குள்ளயே இருக்கு. அந்த மூணு ஒம்பதுக்குள்ளயே இருக்கு. அதனால எட்டும் ஒம்பதும் போதும், ஆறும் அதில அடங்கிரும். எட்டொம்பது எழுபத்தி ரெண்டு.”

“மீச்சிறு பொது மடங்கு” என்றார் தாமோதரன் மெதுவாக. “பள்ளிக்கூடத்துல போட்டது.”

“ஆமா சார். பள்ளிக்கூடத்தில போட்டதுதான். போன்ல அவன் ஏழு மணி நேரம்னு சொன்னப்ப நானும் சரின்னுட்டேன். ஒரு நிமிசம் போட்டுப் பாத்திருந்தா...”

மேற்கே இடி உருண்டது.

பெனிட்டா மணலை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிர்ந்து சடையனைப் பார்த்தாள்.

“அண்ணே, தண்ணி காலைத் தொட்டுட்டுப் போவுதுன்னு குணா அண்ணன் சொன்னாரே, கேட்டீங்களா?”

“கேட்டேன்” என்றான் சடையன். படுத்தபடியே.

“அப்ப ஏற முடியாத சுவத்தில நாம ஏறவே வேண்டாம். தண்ணியே நம்மளைத் தூக்கிட்டுப் போகும். மூணு ஊத்தும் சேந்து வரும்போது நாம உள்ள மிதந்துட்டு இருந்தா போதும்.”

தாமோதரன் திடுக்கிட்டார். “அந்த வெள்ளத்துக்குள்ள, தெரிஞ்சே போய் நிக்கிறதா? சுரங்கம் அடைச்சுக்கும் சிஸ்டர். தப்பிக்க வழியே கிடையாது.”

“வடியிற வரைக்கும் மேல மிதக்கணும், அவ்வளவுதான். லாரி டியூப் கிடைக்குமா சார்? காத்தை எறக்கிச் சுருட்டிக் கொண்டுபோனா வளைவில திரும்பும். உள்ள வச்சு பம்பு அடிச்சுக்கலாம்.”

“அடுத்தது எப்ப?”

“பதினொண்ணு இருபத்தி நாலு. அதுக்கடுத்தது பன்னெண்டு முப்பத்தி ஆறு. ஆனா அது வரைக்கும் மழை பொறுக்காது.”

தாமோதரன் மேகத்தைப் பார்த்தார். குகையைப் பார்த்தார். முப்பது வருட வேலையில் அவர் பலரை நெருப்பிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். சிலரைத் தூக்க முடியாமலும் போயிருக்கிறது.

“டேய், கீழ ஓடுங்கடா! நம்ம வண்டியில இருக்கிற ஸ்டெப்னி டியூப், கூவனூர் பஞ்சர் கடையில இருக்கிறது, எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க! பம்பும் வேணும். சீக்கிரம்!”

சடையன் எழுந்து நின்றான். நெற்றியில் கட்டுத்துணி சிவந்திருந்தது.

“நீங்க இருங்க அண்ணே” என்றாள் பெனிட்டா.

“அந்தத் தண்ணி எப்படி இழுக்கும்னு இங்க எனக்கு மட்டும்தான் தெரியும் பாப்பா” என்றான் அவன்.

---

அவர்கள் உடனே நுழையவில்லை. இரண்டு ஊற்று சேரும்போதும் சுரங்கத்தில் பாதித் தண்ணீர் வரும். கடைசியாக அப்படிச் சேர்வது ஆறும் ஒன்பதும் சந்திக்கும் ஐம்பத்து நாலாவது நிமிடத்தில், அதாவது பதினொன்று ஆறுக்கு. அது ஓய்ந்ததும், பதினொன்று ஏழுக்குப் பெனிட்டா முதல் ஆளாகத் தவழ்ந்தாள். முதல் மழைத்துளி குகைவாயில் விழுந்தது.

கிணற்றில் மூன்று டியூப்களுக்கும் மாறி மாறிப் பம்பு அடித்தார்கள். கை மரத்துப்போனது. மூன்றையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினான் சடையன். மேலே பெனிட்டா தார்ப்பாயை விரித்துக் கட்டினாள்.

“குணா அண்ணே! கேக்குதா? அடுத்த பெரிய தண்ணி வரும்போது நாங்க மேல வருவோம். விளிம்புக்கு உருண்டு வாங்க. கண்ணை மூடிராதீங்க!”

“வேண்டாம்மா... அஜினை மாதிரி நீயும்...”

“பேசாதீங்க அண்ணே! வாங்க!”

மேலே முனகலும் உடல் உரசும் ஒலியும் கேட்டன.

கடிகாரத்தில் ஐந்து நிமிடம் மீதி. மூன்று பேரும் டியூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குகை அவ்வளவு அமைதியாக இருந்தது. சொட்டுச் சொட்டாக எங்கோ நீர் விழுந்தது. தாமோதரன் உதடு மட்டும் அசைய ஏதோ வேண்டிக்கொண்டார். பெனிட்டா கணக்கை மனத்துக்குள் இன்னொரு முறை போட்டாள். எழுபத்திரண்டை ஆறால் வகுத்தாள், மீதியில்லை. எட்டால் வகுத்தாள், மீதியில்லை. ஒன்பதால் வகுத்தாள், மீதியில்லை. அதைவிடச் சிறிய எந்த எண்ணும் மூன்றுக்கும் சேர்ந்து ஒத்துவரவில்லை. கணக்கு சரி. ஆனால் மலைக்குக் கணக்கு தெரியுமா? மழை இதற்குள் ஊற்றுகளைக் கலைத்திருந்தால்?

காற்று திரும்பியது.

“பிடிச்சுக்கங்க!” என்று கத்தினான் சடையன்.

இடப்பக்கம் வெடித்தது. வலப்பக்கம் வெடித்தது. கூரையிலிருந்து தூண் போலத் தண்ணீர் இறங்கியது. மூன்றும் ஒன்றாக! தரை காலடியிலிருந்து நழுவியது. இடுப்பு, மார்பு, கழுத்து என்று ஏறி, டியூப் தூக்கிக்கொண்டது. சுழலில் மூவரும் சுவரில் மோதினார்கள். சடையன் காலால் பாறையை உதைத்து உதைத்துத் திட்டின் பக்கம் தள்ளினான். பாசிச் சுவர் கண்ணெதிரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் உயர்ந்துகொண்டிருந்தார்கள்.

திட்டு! விளிம்பில் குணசீலனின் முகம். மூன்று நாள் தாடி, குழி விழுந்த கண்.

“கையைக் குடுங்க சார்!” என்று கை நீட்டினார் தாமோதரன்.

“இந்தக் கை வராது. தோள் எறங்கிடுச்சு. காலும் உடைஞ்சிருக்கு.”

பெனிட்டா எம்பித் திட்டில் ஏறினாள். அவர் இடுப்பை அணைத்தாள். முறிந்த காலைத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உருண்டாள். இருவரும் தார்ப்பாயில் விழுந்தார்கள். குணசீலன் வலியில் அலறினார். தாமோதரன் அவர்மேல் கவிழ்ந்து படுத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் பெனிட்டாவின் தலைவிளக்கு திட்டுக்குப் பின்னால் ஒரு கணம் விழுந்தது. ஐம்பொன் கண்கள் ஐந்து சோடி இருட்டிலிருந்து அவளைப் பார்த்தன.

“அங்க சிலை...” என்றார் குணசீலன்.

“அது அங்கயே இருக்கட்டும்” என்றார் தாமோதரன்.

ஊற்றுகள் ஓய்ந்தன. தண்ணீர் வடியத் தொடங்கியது. டியூப் மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கியது. சுரங்கத்தின் வாய் தெரிந்ததும் குணசீலனைத் தார்ப்பாயில் சுற்றி இழுத்தார்கள். வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மலைச்சரிவில் பாதி இறங்குவதற்குள், கணக்கு சொன்ன நேரத்துக்கு வெகு முன்னரே, குகை மறுபடி மூச்சு விட்டது. அதன்பின் அது நிற்கவேயில்லை.

---

கூவனூர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெனிட்டா அவர் காலுக்குக் கட்டுப் போட்டபோதுதான் குணசீலன் நடந்ததைச் சொன்னார்.

“கொக்கிக் கயித்துலதான் மேல ஏறினோம், அப்பப் பாறை தாங்குச்சு. திட்டுல நான் விழுந்து காலை உடைச்சுக்கிட்டேன். அவன் தண்ணியும் பிஸ்கட்டும் பக்கத்துல வெச்சுட்டு, ‘அசையாதீங்க, ஆள் கூட்டிட்டு வர்றேன்’னான். கீழ எறங்கினதும், மலையில எறங்கவும் கயிறு வேணும்னு கொக்கியை உதறிக் கழட்டி எடுத்துக்கிட்டான். அப்பதான் ஒரு பெரிய தண்ணி வந்து வடிஞ்சிருந்துச்சு. ‘இன்னும் ஏழு மணி நேரம் கிடக்கு’ன்னு சிரிச்சான். கீழ நின்னே காமிராவெல்லாம் பத்திரப்படுத்தி, எனக்குத் தைரியம் சொல்லி... அப்புறம்தான் சுரங்கத்துக்குள்ள போனான். உள்ள போனதும் அது வந்துடுச்சும்மா.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்காகத்தான் போனான்.”

பெனிட்டா கட்டை முடித்து முடிச்சுப் போட்டாள். பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியை மூடும் முன் வந்து சேர்ந்தாள். உடையில் இன்னும் மலைச்சேறு. அப்பாவின் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள், கணக்கையும் சேர்த்து.

“அவன் போட்டது தப்பா மக்களே?” என்று கேட்டார் தோபியாஸ்.

“அவன் சொன்ன நேரத்துக்கும் மூணும் சேந்துதான் வரும் அப்பா. அதுவும் பொது மடங்குதான். ஆனா அதுக்கு முன்ன அஞ்சு தடவை வந்திரும். அதை அவன் பாக்கல்ல.”

தோபியாஸ் தலையசைத்தார். மகனின் நெற்றியில் முத்தமிட்டார்.

அடுத்த கோடையில், ஊற்றுகள் மறுபடி நிதானத்துக்கு வந்தபின், தாமோதரனும் சடையனும் அதே எழுபத்திரண்டு நிமிடக் கணக்கில் உள்ளே போய் வந்தார்கள். வெளியே நின்று நேரம் சொன்னவள் பெனிட்டா. ஐந்து சிலைகளும் டியூப்பில் மிதந்து இறங்கி, தார்ப்பாயில் சுற்றி, பகல் வெளிச்சத்துக்கு வந்தன. கூவனூரே மலையடியில் திரண்டு நின்று அழுதது. மேளம் முழங்கியது.

கோயில் முன்னால் மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். ஊன்றுகோலோடு வந்திருந்த குணசீலன் தன் சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தோபியாஸைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவந்தார். ஒலிபெருக்கியை அவர் முன்னால் வைத்தார்கள். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

“பிள்ளையளே, ஆறு, எட்டு, ஒம்பது” என்றார். “மூணும் எப்ப சேரும்னு யாராவது கேட்டா, பெருக்கிட்டுப் போயிராதீங்க. அதுக்கு முன்ன எங்கயாவது சேருதான்னு பாருங்க. எனக்க மகன்...”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி தரையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து எழுந்து நின்றாள்.

“எழுபத்திரண்டு தாத்தா” என்றாள்.

“சரிதான் மக்களே” என்றார் தோபியாஸ்.